டிக்கியில் இடம் இல்லை

சாக்கின் வாயில் தொங்கிக்கொண்டிருந்த நூலை லேசாகத்தான் இழுத்தேன். சரசரவென்று மொத்த வாயும் ஒரே இழுப்பில் பிரிந்து, பாதி அரிசி தம்பி வீட்டு வாசலில் கொட்டியது. மீதியில் கொஞ்சம் என் செருப்புக்குள்.

"ஐயய்யோ, மெதுவாண்ணே!" என்று ஓடி வந்தான் தம்பி இளவழகன். "எடமில்ல, விட்டுடுங்கன்னு அப்பவே சொன்னேன்ல?"

இடம் இல்லைதான். போன வாரம் என் பழைய பெட்ரோல் காரைக் காஸுக்கு மாற்றியிருந்தேன். விருந்து சாப்பிட்டுப் படுத்த சம்பந்தி மாதிரி, காஸ் டேங்க் டிக்கியை அடைத்துக்கொண்டு கிடந்தது. பின் சீட்டுக்கோ மாமியாரோடு சேர்த்து நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களை இறக்கிவிட்டு அரிசியை ஏற்றலாமா என்று தோன்றியது. கேட்கத் தைரியம் வரவில்லை.

அதனால், கொஞ்சம் அரிசியை எடுத்துச் சாக்கை இளக்கி, டேங்கின் ஓரமாகத் திணிக்கப் பார்த்தேன். முன்பெல்லாம் தம்பி கோணி ஊசியும் சணலும் வைத்துத் தைத்துத் தருகிற மூட்டையைப் பிரிக்க அரிவாள்மணை வேண்டும். இப்போது ரெண்டு மூணு வருஷமாக மெஷின் தையல். ஊரும் முன்னேறுகிறது!

காரைக் காஸுக்கு மாற்றும் யோசனையே இளவழகனுடையது. பெட்ரோல் விலையைச் சொல்லி நான் புலம்பியபோது, "காஸுக்கு மாத்திடுங்கண்ணே" என்றான். ஒர்க் ஷாப் பார்த்துக் கொடுத்தான். அறுப்பு நேரத்திலும் தஞ்சாவூருக்கு ரெண்டு தடவை வந்து, ஆர்.டி.ஓ. ஆபீஸ் வரிசையில் எனக்காக நின்றான். தம்பி என்றால் இப்படி இருக்கணும் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

அரிசியை நான் விடாததற்குக் காரணம் உண்டு. அது எங்கள் வயல் அரிசி. அப்பா விட்டுப்போன நிலத்தில் என் பாதியையும் அஞ்சு வருஷத்துக்கு முன் தம்பி பேருக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன். நாற்காலி தேய்க்கிறவனுக்கு வயல் எதற்கு? "நம்ம வீட்டை விட்டு மட்டும் போகாமப் பாத்துக்கடா" என்றேன். "பொங்கலுக்குப் பொங்கல் ரெண்டு மூட்டை அரிசி உங்களுக்குண்ணே" என்று அவனாகத்தான் சொன்னான்.

அந்த அரிசியை வைத்து நான் அடித்த தம்பட்டம் கொஞ்சமில்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் எங்கள் வயல் சோற்றை ஒரே வாயில் கண்டுபிடிப்பேன் என்று ஆபீஸில் சவால் விட்டிருக்கிறேன். தெருமுனை மளிகைக்கடைக்காரருக்கே ஒரு படி கொடுத்தேன். அவர் மென்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பொறாமை.

இப்போதும் கொட்டிய அரிசியில் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். "ஆகா! நம்ம மண்ணு மண்ணுதான். வெளைச்சல் எப்படிடா?"

"மேட்டூர்ல தண்ணி எவ்வளவுன்னு பேப்பர்ல பாத்தீங்களாண்ணே?"

அவன் அப்படித்தான். எதற்கும் நேராகப் பதில் வராது. வயலைப் பார்த்துவிட்டு வருவோமா என்றால், "காபி ஆறுதுண்ணே" என்பான்.

டேங்கைச் சற்று நகர்த்தி வைக்க முடியுமா என்று கேட்க, அதை மாட்டிய சலாஹுதீன் பாய்க்குப் போன் போட்டேன்.

"என்ன சார் நீங்க? ஸ்டெப்னி வைக்கிற பள்ளத்துலயே அடங்குற வட்ட டேங்க்தான் நான் போடறதா இருந்தேன். உங்க தம்பிதான் போன் பண்ணி, பெருசாப் போடுங்க பாய், டிக்கியில ஒரு மூட்டைகூட ஏறக் கூடாதுன்னாரு. அண்ணன்தான் சொல்லச் சொன்னாருன்னாரே!"

போனை வைத்தேன். ரெண்டு மூட்டை அரிசி. அதை மிச்சம் பிடிக்க என் கார் வயிற்றையே அடைத்திருக்கிறான். ஆர்.டி.ஓ. ஆபீஸில் வேகாத வெயிலில் நின்றது பாசம் என்று நினைத்த முட்டாள் நான்.

"எனக்கு ரெண்டு மூட்டை தர மனசு வரலியாடா உனக்கு? என் பாதியை உன் பேருக்கு எழுதினப்ப நான் ஒரு நிமிஷம் யோசிச்சேனா?"

"வெயில் ஏறுதுண்ணே. உள்ள வாங்க."

"நேராப் பதில் சொல்லு!"

அவன் குனிந்து அரிசியை அள்ள ஆரம்பித்தான். முறத்தோடு வந்த அவன் மனைவி ஷோபனா, அதைத் தொப்பென்று கீழே போட்டாள்.

"சொல்லிடுங்க. இன்னும் எத்தனை பொங்கலுக்குக் கடை கடையா ஏறி, பேர் போடாத மூட்டையாப் பாத்து வாங்கிட்டு வர்றது? டேங்க் வெச்சா மாமாவே வேணாம்னுடுவாங்கன்னீங்க. அவங்க பிரிச்சுத் திணிக்கிறாங்க!"

வாயில் இருந்த அரிசியை மெல்வதை நிறுத்தினேன்.

"கடை அரிசியா? அப்ப நம்ம வயல்ல வெளையறதெல்லாம் எங்கடா போகுது?"

இளவழகன் நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்தான்.

"வயலை வித்து மூணு வருஷம் ஆச்சுண்ணே."