பதினேழு கண்பட்டை

"பதினெட்டுப் பிள்ளைங்களுக்கும் கடற்கொள்ளையர் வேஷமா? உங்களுக்கென்ன பைத்தியமா டீச்சர்?" மாறுவேஷக் கடைக்காரி நெவென்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "நம்ம ரியேக்கா ஊர் கார்னிவல்ல ரெண்டு பேர் ஒரே வேஷத்துல வந்தாலே அம்மாக்காரிங்க ஒரு வருஷம் முகம் குடுத்துப் பேச மாட்டாங்க!"

"பேச வேணாம். நான் சமாளிச்சுக்கறேன்," என்றாள் மழலையர் பள்ளி ஆசிரியை டுன்யா. "பதினெட்டு வாள், பதினெட்டுத் தலைத்துணி. அந்தச் சிவப்பு இறகுத் தொப்பி கிடைக்குமாக்கா?"

"அதை மட்டும் கேக்காதீங்க. அது கடைக்கு அழகு. யாருக்கும் தர்றதில்ல."

"சரி. கறுப்புக் கண்பட்டை பதினேழு போதும்."

"ஒண்ணு குறையுதே?"

"குறையல. டோங்காவுக்கு வேணாம்."

நெவென்காவுக்குச் சுருக்கென்றது. "ஏன், அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு? கார்னிவல் அன்னிக்குமா ஒரு குழந்தையை ஒதுக்கி வைப்பீங்க? இந்தாங்க பதினெட்டாவது, எடுத்துட்டுப் போங்க!"

டுன்யா அதைத் திருப்பி வைத்தாள்.

"அவளுக்குக் கண் டாக்டரே ஒரு கண்ணுல பட்டை ஒட்டிட்டாருக்கா. ஆறு மாசம் போட்டுக்கணுமாம். மத்த பிள்ளைங்க சிரிக்குதுங்கன்னு திங்கக்கிழமையிலேர்ந்து மேஜைக்கடியிலயே உட்கார்ந்திருக்கா. நாளைக்கு வெளிய வந்து பார்க்கட்டும். எல்லாருக்கும் ஒரு கண்ணுதான்."

நெவென்கா ஸ்டூலைப் போட்டு ஏறி, சிவப்பு இறகுத் தொப்பியை இறக்கித் தூசி தட்டினாள்.

"டீச்சர், நிஜப் பட்டை வெச்சிருக்கிறவதானே கேப்டன்?"