தராசு முள்

"பிள்ளைக்குக் காலைலேர்ந்து ஒண்ணும் கொடுக்கலக்கா," என்று என் காதோடு சொன்னாள், வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள். "எடை போட்டதும் கொடுத்துக்கலாம்னு இருக்கேன்."

நான் அவளை முறைத்தேன்.

"அடிப்பாவி! ஒன்றரை வயசுப் பிள்ளையைப் பட்டினி போட்டா தூக்கிட்டு வந்திருக்கே?"

"வேற என்னக்கா பண்றது? போன மாசமே எட்டே முக்கால். இன்னிக்கு ஒன்பதைத் தொட்டுட்டா பால் பவுடர் நின்னுடுமே! அவருக்கு ஆலையில வாரத்துக்கு ரெண்டு நாள்தான் வேலை. பெரியவளுக்கு ஆறு வயசு, திட்டத்துல சேர்த்துக்க மாட்டாங்க. அந்த ஒரு டப்பாவைத்தான் ரெண்டும் பங்கு போட்டுக் குடிக்குதுங்க."

திட்டம் அப்படி. ஒன்பது கிலோவுக்குக் கீழே இருந்தால் மாசம் ஒரு டப்பா. ஒன்பதைத் தொட்டால், 'பிள்ளை தேறிடுச்சு' என்று அட்டையை வாங்கி வைத்துக்கொள்வார்கள். தேறின பிள்ளை அடுத்த மாசம் எதைக் குடிக்கும் என்று எந்த மகராசனும் கேட்பதில்லை.

அதுக்காக? பெத்தவளே இப்படிச் செய்யலாமா? எனக்கு ஆறவே இல்லை.

என் இடுப்பில் இருந்த சின்னவள் நாலு விரலையும் வாய்க்குள் திணித்துச் சப்பிக்கொண்டு சிணுங்கினாள்.

"பல்லு முளைக்குது, அதான்," என்றேன், யாரும் கேட்காமலே.

எடை போடும் நர்ஸுக்கு நாங்கள் வைத்த பெயர் கறார் சிஸ்டர். ஒவ்வொரு தடவையும் தொங்கு தராசின் முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்திவிட்டுத்தான் பிள்ளையைத் தொடுவார். காலுறையைக்கூடக் கழற்றச் சொல்வார்.

முன்னால் நின்றவளின் முறை வந்தது. பையன் அழக்கூடத் தெம்பில்லாமல் அவள் தோளில் சாய்ந்து கிடந்தான்.

"காலைல என்ன கொடுத்தே?"

"கஞ்சி, சிஸ்டர்..."

"பொய் சொல்லாதே. வயிறு முதுகோட ஒட்டிக் கிடக்கு. வெளியே உக்காந்து ஊட்டிட்டு வா. அப்புறம்தான் எடை."

"ஐயோ சிஸ்டர், எடை ஏறிடுமே..."

"ஏறட்டும். பசியோட வர்ற பிள்ளையை நான் தராசுல போட மாட்டேன்." தன் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து அவள் கையில் திணித்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

பழத்தைக் கொடுத்துட்டு டப்பாவைப் பிடுங்கற வேலை, என்று முணுமுணுத்தேன்.

அவள் வரும்வரை வரிசை நகரவில்லை. சிஸ்டர் தராசின் திருகாணியைத் திருகிக்கொண்டிருந்தார். இருக்கிற கறார் போதாதாக்கும்!

அவள் திரும்பி வந்தாள். பையன் வாயெல்லாம் பழம். தராசுத் தொட்டிலில் உட்கார வைத்தார்கள். முள் ஆடியது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். நான் எட்டிப் பார்த்தேன்.

"எட்டு கிலோ தொள்ளாயிரம்," என்றார் சிஸ்டர். "டப்பாவை வாங்கிக்க. அடுத்த மாசமும் வயித்தை நிரப்பிட்டுத்தான் தூக்கிட்டு வரணும், புரியுதா?"

அவள் பையனை முத்தமிட்டு முத்தமிட்டு மாளவில்லை.

அதெப்படி? ஒரு முழுப் பழத்தைத் தின்ற பிள்ளை, குறைச்சலாகவா காட்டும்?

"அடுத்து!"

நான் தராசைப் பார்த்தேன். தொட்டில் காலியாகத் தொங்கியது. முள் பூஜ்யத்துக்கும் கீழே, மூணு கோடு இறங்கி நின்றது.

"சிஸ்டர், அந்த முள்ளு..."

"முள்ளுக்கு என்ன?" கண்ணாடிக்கு மேலாக என்னையே பார்த்தார். வரிசை முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

நான் என் மகளைப் பார்த்தேன். இன்னும் விரலைத்தான் சப்பிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல சிஸ்டர்," என்றேன். "இவளும் காலைலேர்ந்து பட்டினி. இன்னொரு பழம் இருக்குமா?"