பதினைந்து அடிக் கேபிள்

கடையில் இருந்தது மூன்று பேர். வரக்காப்பொலையில் மோட்டார் சாமான் விற்கும் மர்சூக், ரப்பர் தோட்டத்து ஜீப் டிரைவர் அஜந்தன், பெஞ்சில் பிளேன்டீயோடு கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர்.

"இந்த ஜம்பர் கேபிள் வேணாம் நானா. மேலதான் செம்பு, உள்ள அலுமினியம்." அஜந்தன் வயரின் நுனியைப் பிளேடால் சுரண்டிக் காட்டினான். வெள்ளையாக இருந்தது. "போன தடவை வாங்கினது இப்படித்தான் உருகிப் போச்சு."

மர்சூக் வேறொன்றை எடுத்துப் போட்டார்.

"இதுல கிளிப்பு சரியில்ல. ஒரு தாடையிலதான் வயரு இருக்கு, மத்தது சும்மா கடிச்சிட்டு நிக்கும். டீசல் ஜீப்பு நானா, நிறைய இழுக்கும். ரெண்டு தாடையிலயும் கரண்டு வரணும்."

சட்டைக்காரர் சிரித்தார். "ஷோக்கான ஆளுதான். எத்தனை அடி வேணும்?"

"பதினஞ்சு அடியாவது வேணும் மாத்தயா. எங்க ரோட்டுல ஒரு பக்கம் தண்ணிக் கான், ஒரு பக்கம் பள்ளம். டிராக்டர் பேட்டரியில இருந்துதான் கரண்டு எடுக்கணும், அதை ஜீப்புக்குப் பின்னாலதான் நிறுத்த முடியும்."

"அவ்வளவு அவசரமா?"

"அக்கா நிரோஷாவுக்கு இன்னைக்கோ நாளைக்கோ பிரசவம். கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குப் போக அந்த ஒரு ஜீப்புதான். பேட்டரி செத்துக் கிடக்கு."

மர்சூக் உள்ளேயிருந்து தடித்த கேபிள் ஒன்றைக் கொண்டுவந்தார். "சுத்தச் செம்பு. ரெண்டு பித்தளை டெர்மினலும் வச்சிருக்கேன். பேச்சு போதும் தம்பி, பஸ்ஸு போயிரும்."

சரக்கின் குட்டு வெளிப்பட்ட கோபம் என்று அஜந்தன் நினைத்தான். தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க அவனுக்கு வராது.

"கடைசிக் கிளிப்பை எங்க மாட்டணும்னு பாதி டிரைவருக்குத் தெரியாது மாத்தயா. எஞ்சின் இரும்புலதான் மாட்டணும். பேட்டரி மேல எரியுற காஸ் நிக்கும். ஒரு பொறி பட்டா போதும், வெடிச்சிரும்."

"அப்படியா!" சட்டைக்காரர் கோப்பையைக் கீழே வைத்தார். "இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?"

மர்சூக் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்தார். அஜந்தன் அதைவிடச் சத்தமாகச் சொன்னான்.

"வடக்கில, வவுனியாவில, மாத்தயா. மூணு வருஷம் கராஜ்ல இருந்தேன்."

"தம்பி, கிளம்புங்க!" என்று அதட்டினார் மர்சூக்.

"பஸ் எதுக்கு? நான் ஜீப்புல கொண்டு விடுறேன்." சட்டைக்காரர் எழுந்தார். "வழியில எங்க இடத்துப் பேட்டரியையும் ஒரு பார்வை பாருங்க. இவ்வளவு தெரிஞ்ச ஒருத்தரை நான் பார்த்ததே இல்ல."

அஜந்தன் கேபிளைத் தோளில் போட்டுக்கொண்டு, பெருமையோடு மர்சூக்கைத் திரும்பிப் பார்த்தான். அவர் தலையை நிமிர்த்தவில்லை.

பத்து நிமிடத்தில் ஜீப் ஒரு முற்றத்தில் நின்றது. சட்டைக்காரர் அவனைக் கடைசி அறை வரைக்கும் கூட்டிப்போனார். கேபிளை வாங்கிக்கொண்டார்.

அஜந்தன் அறைக்குள் போய்ச் சுற்றிப் பார்த்தான். வெறும் தரை.

"பேட்டரி எங்க மாத்தயா?"

"அதை நாங்க கேக்கணும் தம்பி. பேட்டரி எங்க இருக்கு, எதை வெடிக்க வைக்கப் போறீங்க, வவுனியாவிலிருந்து யாரு அனுப்பினது?"

காக்கி உடுப்புக்காரன் ஒருவன் கம்பிக் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினான்.