சொந்த மைதானம்

இடைவேளையில், கால்பந்துச் சங்கத் தலைவர் வீரர்களின் அறைக்குள் சீறிக்கொண்டு நுழைந்தார்.

"நம்ம நாடு, நம்ம மைதானம். உட்கார்ந்திருக்கிறவன் பூரா எதிரணிச் சட்டை! நம்ம ஜனங்களுக்கு ரோஷமே கிடையாதா?"

"நாங்க பந்தைத் தொட்டாலே ஊளையிடுறாங்க சார். தோத்தா உலகக் கோப்பைக்குப் போக முடியாது," என்றான் கேப்டன்.

"நம்ம ஆளுங்க துரோகிங்க! வீட்டுல படுத்து டிவி பார்ப்பானுங்க!"

சுவருக்கு வெளியே நம் அணியை வாழ்த்திக் கோஷம் எழுந்தது.

"யாருய்யா அது?"

"நம்ம ரசிகருங்கதான். காலையிலேருந்து வாசல்ல நிக்கிறாங்க."

"உள்ள வர்றதுக்கென்ன கேடு?"

"போன மேட்ச்ல உங்க பேச்சுக்குக் கூச்சல் போட்டவன் ஒருத்தனையும் உள்ள விடக்கூடாதுன்னு நீங்கதானே சார் உத்தரவு போட்டீங்க? இப்பவாவது கதவைத் திறக்கச் சொல்லுங்க. ஜெயிச்சுக் காட்டுறோம்."

தலைவர் சட்டைப்பையிலிருந்த உரைத் தாளைத் தடவிக்கொண்டார்.

"திறந்துட்டா, ஆட்டம் முடிஞ்சதும் நான் எப்படிய்யா பேசுறது?"