பெரட்டுக் களத்துப் படம்

துரை திரையில் வந்ததும் கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.

ஆண்கள் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்கள். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ரப்பர் தோட்டத்தை நடத்தும் நிஜத் துரை அந்நேரம் ஈப்போவில் நண்பர்களோடு குடித்துக்கொண்டிருப்பார். இங்கே ஒரு வெள்ளை வேட்டியில் விழுந்த அவருடைய உருவத்துக்கு இத்தனை மரியாதை.

படத்தை ஓட்டிக்கொண்டிருந்த உடையப்பனுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை எரிந்தது.

"உக்காருங்க. அது தொர இல்ல, படம். படத்துக்குமா எந்திரிப்பீங்க?"

ஒருவரும் உட்காரவில்லை. அவர்களுடைய முதுகும் தலையும் வெளிச்சத்தை மறித்ததில் திரையில் பாதி கறுத்துப் போயிற்று.

லகாட் ஊருக்குப் போகும் வழியில் பாழடைந்து கிடந்த புகைக் கொட்டகை அது. ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டுக் காயவைக்க யாரோ ஒரு சீன முதலாளி கட்டியது. ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் மத்தியானமும் இருட்டுதான். ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போகிறோம் என்று கங்காணியிடம் சொல்லிவிட்டு ஜனங்கள் வந்திருந்தார்கள்.

அது உடையப்பனும் அகதாவும் அவள் புருஷன் ஆம்புரோஸும் சேர்ந்து எடுத்த படம். அவர்களுக்கு முதலாளி என்று யாரும் இல்லை. கேமரா மூவருக்கும் பொது. எதை எடுப்பது, யாருக்குக் காட்டுவது என்பதை மூவரும் பேசித்தான் முடிவு செய்வார்கள்.

லாலான் புல்லுக்குள் அட்டைக்கடியோடு படுத்துக் கிடந்து எடுத்தார்கள். காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் துரை தோட்டத்துக் கூலி பத்துமலையை பூட்ஸ் காலால் உதைக்கிறார். பத்துமலை கையைக்கூட ஓங்கவில்லை. அவ்வளவுதான் படம்.

ஆனால் பத்துமலைதான் தன்னை அடித்தான் என்று துரை புகார் கொடுத்து அவனை உள்ளே தள்ளியிருந்தார். நாளைக்கு விசாரணை. அந்தச் சுருளை விட்டால் பத்துமலைக்கு வேறு நாதி இல்லை. இன்னொரு பிரதியும் இல்லை.

விசாரணை முடிகிற வரைக்கும் அதை வெளியே எடுக்கவே வேண்டாம் என்றாள் அகதா. ஆம்புரோஸும் அதையே சொன்னான். உடையப்பன் கேட்கவில்லை. தோட்டத்து ஜனங்கள் பார்க்கட்டும், பார்த்தால் ரோஷம் வரும், நாலு பேராவது சாட்சி சொல்ல வருவார்கள் என்று ஒற்றைக்காலில் நின்றான். மூவருக்கும் பொது என்கிற பேச்சு அன்றைக்கு மட்டும் எடுபடவில்லை.

ரோஷம் வந்த அழகைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருந்தான். துரை இன்னும் காலைத் தூக்கவே இல்லை, அதற்குள் இவர்கள் எழுந்துவிட்டார்கள்.

அவனும் இதே தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்தவன்தான். மீசை முளைக்கும் முன்பே ஈப்போவுக்கு ஓடிப்போய், பயாஸ்கோப் கூடாரத்தில் கைப்பிடி சுற்றி மெஷின் ஓட்டக் கற்றுக்கொண்டவன். தோட்டத்துப் புத்தியை அன்றைக்கே கழற்றி எறிந்துவிட்டதாக நினைப்பு.

"அடிமப் பொழப்பு ரத்தத்துலயே ஊறிப்போச்சி," என்று பல்லைக் கடித்தான். சிலர் திரும்பி அவனைப் பார்த்தார்கள். அப்போதும் உட்காரவில்லை.

தலைகளுக்கு மேலே தெரிந்த துரையின் நெற்றியில் ஒரு பழுப்புப் புள்ளி விழுந்தது. அது கொப்பளித்துப் பெரிதாகி முகத்தைத் தின்றது. பிறகு திரை வெறும் வேட்டியாகிவிட்டது.

மெஷின் பற்றிக்கொண்டிருந்தது.

விளக்கின் முன்னால் படம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஓரிடத்தில் நின்றுவிட்டால் அந்தச் சூட்டிலேயே தீப்பிடிக்கும். பக்கத்தில் நின்ற அகதா எரிகிற சுருளைக் கையாலேயே பிடுங்கி வெளியே சேற்றில் எறிந்தாள். அது சேற்றிலும் எரிந்தது. ஆம்புரோஸ் மண்ணள்ளிப் போட்டு அணைப்பதற்குள் மிஞ்சியது கரிதான்.

பத்துமலையின் மனைவி இருளாயி வாசலில் வந்து நின்று அந்தக் கரியைப் பார்த்தாள். அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

உடையப்பன் சுற்றிலும் பார்த்தான். மெஷினுக்குப் பக்கத்தில் சின்னையா நின்றுகொண்டிருந்தார். கங்காணியின் மைத்துனர். வேறென்ன வேண்டும்?

அவருடைய சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். "கங்காணி அனுப்பித்தானே வந்தே? மெசின நிறுத்துனது நீதானே?"

பதிலுக்குக் காத்திருக்காமல் ஓங்கி ஓர் அறை விட்டான்.

சின்னையா கையைக்கூட ஓங்கவில்லை. அவனைவிட இருபது வயது மூத்தவர், துண்டைக் கக்கத்தில் வைத்தபடியே கன்னம் சிவக்க நின்றார். அதைப் பார்த்து உடையப்பனுக்கு இன்னும் வெறி ஏறியது. மறுபடியும் கையை ஓங்கினான்.

அகதா வெந்த கையை ஊதிக்கொண்டே வந்து நடுவில் நின்றாள். அவள் குரல் உயரவே இல்லை.

"அவர விடுங்கண்ணே. கைப்பிடிய நீங்கதான் சுத்திக்கிட்டு இருந்தீங்க. தொர வந்ததும் அத விட்டுட்டு மொதல்ல எந்திரிச்சது நீங்க. நீங்க உக்காந்திருந்த டின்னு உருண்ட சத்தத்துல திரும்பிப் பாத்துட்டுத்தான் இவங்க எந்திரிச்சாங்க."



உடையப்பன் ஓங்கிய கையை இறக்கித் தலையைத் தொட்டுப் பார்த்தான். ஈப்போவில் வாங்கிய தொப்பி அவன் கக்கத்தில் இருந்தது.