படத்தில் எரியாத மெழுகுவத்தி

மெல்போர்னில் ஒரு யூத ஆலயத்தின் பின்னறை. சுவரில் 1974ஆம் வருஷத்துக் காலண்டர். சிவப்பு பல்பின் அடியில் ஹெடி டீச்சர் இடுக்கியோடு நிற்கிறாள். வெளியே டிராம் போகும்போதெல்லாம் தட்டிலிருக்கும், படம் கழுவும் மருந்துத் தண்ணீர் லேசாக நடுங்குகிறது. காலையிலிருந்து நின்று அவளுக்கு இடுப்பு விட்டுப்போகிறது. ‘உங்கள் வீட்டு வெள்ளிக்கிழமை மெழுகுவத்தியைப் படமெடுத்து வாருங்கள், நாம் யாரென்று அதுவே சொல்லும்’ என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தாள். கொடியில் ஈரம் சொட்டத் தொங்கும் படங்கள் எல்லாவற்றிலும் இரண்டு சுடர், ஒரு ரொட்டி, இஸ்திரி போட்ட மேசைவிரிப்பு. அவளுக்குக் கொட்டாவி வருகிறது. கடைசியாக மாணவி நவோமியின் படத்தாளைத் தட்டில் அமிழ்த்துகிறாள். நவோமி பக்கத்தில் நகத்தைக் கடித்தபடி நிற்கிறாள். தாளில் மெல்ல ஒரு கை தெரிகிறது, கையில் தீக்குச்சி, பிறகு அவள் அம்மாவின் அவசர முகம், கடைசியில் சுடரே இல்லாத இரண்டு மெழுகுவத்திகள்.

“ஏத்தின பிறகு எடுத்திருக்கலாமே?”

“ஏத்தினா ஓய்வுநாள் தொடங்கிடுமே மிஸ். அப்புறம் எந்த வேலையும் செய்யக் கூடாதே, கேமராவைத் தொடலாமா?” குரலில் குறும்பு இல்லை. நிஜமாகவே கேட்கிறாள்.

ஹெடி கொடியை நிமிர்ந்து பார்க்கிறாள். அத்தனை சுடரும் படத்துக்காக ஏற்றியவை. கேட்டது அவள்தான். அவள் வீட்டு மெழுகுவத்தித் தாங்கிகள் எந்த அலமாரியில் கிடக்கின்றன என்பதுகூட இப்போது ஞாபகம் வரவில்லை.

“மிஸ், படம் கறுக்குது!”

அவசரமாக எடுத்துக் கழுவி, மற்றப் படங்களுக்கு முன்னால் மாட்டுகிறாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிறாள்.

“ஏத்தின பிறகு எப்படி இருந்துச்சு? எனக்குச் சொல்லு.”