மீட்டு வந்த கிரைண்டர்

அடுப்படியில் கிரைண்டரைக் காணோம்.

அது நின்ற மூலையில் சுவரோடு சேர்த்துப் புது அலமாரி. பருப்பு டப்பா, ராகி மாவு டப்பா எல்லாம் பந்தியில் உட்கார்ந்த ஜனம் மாதிரி வரிசையாக இருந்தன.

கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அப்போதுதான் ஓசூர் திரும்பியிருந்தார் நாராயணப்பன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எங்கடி கிரைண்டர்?"

லட்சுமியம்மாள் வாயைத் திறந்தாள்.

"அத்தை, நீங்க சும்மா இருங்க" என்று முந்திக்கொண்டாள் மருமகள் மேகலா. "நான்தான் மாமா இரும்புக் கடைக்குப் போட்டேன். இடத்தை அடைச்சுக்கிட்டு நின்னுச்சு."

"அவளைப் பேசக்கூட விட மாட்டியா? இத்தனை வருசமா அவ ஆட்டின கிரைண்டர். அது அவ உசுரு! கம்பெனிக்குப் போய்ச் சம்பளம் வாங்கற திமிரா?"

மேகலா அலமாரியில் ஒரு டப்பாவை நேராக நகர்த்தி வைத்தாள்.

நாராயணப்பன் மொபெட்டை உதைத்தார். பாகலூர் ரோட்டு இரும்புக் கடையில் மாதேஷ் மோட்டாரைக் கழற்ற ஸ்பேனரோடு குனிந்திருந்தான்.

"கையை எடுடா! வண்டியில ஏத்து."

"யஜமானரே, இப்ப யாரு இதுல ஆட்டறாங்க? மாவு பாக்கெட்லயே வருது."

"பாக்கெட்டை நீ தின்னு. என் பொண்டாட்டி கண்ணு கலங்கிப் போச்சு. ஏத்துடா!"

மாதேஷின் டெம்போ பின்னால் வர, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றார். சத்தம் கேட்டு வெளியே வந்த லட்சுமியம்மாள், டெம்போவில் இருந்ததைப் பார்த்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அழாதடி. மீட்டுட்டேன். இந்தாம்மா மேகலா, அலமாரியைக் கழட்டச் சொல்லு."

"சரிங்க மாமா" என்றாள் மேகலா, முகம் வாடி.

லட்சுமியம்மாள் விருட்டென்று எழுந்தாள்.

"அலமாரியில யாராவது கையை வச்சீங்க, அவ்வளவுதான்! கிரைண்டரை எடுக்கச் சொன்னதே நான்தான். குழவியைத் தூக்கித் தூக்கி மணிக்கட்டு செத்துப்போச்சு. நீங்க என்மேல எரிஞ்சு விழுவீங்கன்னு, இந்தப் பொண்ணு பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டா. போதும்டி மேகலா, விடு."

நாராயணப்பன் மருமகளைப் பார்த்தார். பார்வை தானாகத் தரைக்கு இறங்கியது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?" என்றார் மனைவியிடம்.

"சொன்னா? 'கிரைண்டருக்கு என்ன, நல்லாத்தானே ஓடுது'ம்பீங்க."

"ஓடத்தானே செஞ்சது! நின்ன போதெல்லாம் உனக்குச் சிரமம் வேண்டாம்னு நான்தானே உடனே புது பெல்ட் மாட்டினேன்? என்ன பெல்ட்டோ, ஆறு மாசம் தாங்கறதில்லை. தானா அறுந்துடுது."

மேகலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். லட்சுமியம்மாளுக்கோ சிரிப்பு பீறிட்டது.

"தானா எங்க அறுந்துச்சு? ஒவ்வொரு தடவையும் அரிவாள்மணையில வச்சு நான்தான் அறுத்தேன்!"